அப்பாவுக்கு, மெக்கன்னாஸ் கோல்டு ஊரிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் தம்பியிடம் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே அமெரிக்காவில், பீனிக்ஸில் வெயில் ஒருவழியாக 100 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டது. அந்தத் தெம்பில் மூன்று நாள் லீவு போட்டு, காரை எடுத்துக்கொண்டு வடக்கே போய்வந்தேன்.

மெக்கன்னாஸ் கோல்டு படத்தில் விடியற்காலையில் ஒரு பாறைத்தூணின் நிழல் நீண்டுகொண்டே போய்த் தங்கம் இருக்கும் இடத்தைக் காட்டுமே, அந்தப் பாறையைப் பார்த்துவிட்டேன் அப்பா! கேன்யன் டி ஷே என்ற பள்ளத்தாக்கில் நிற்கிறது, சுமார் 750 அடி உயரம். மதுரையில் காலேஜ் படித்தபோது அந்தப் படத்தை மூன்று தடவை பார்த்த கதையை, கரண்ட் போன ராத்திரிகளில் மொட்டைமாடியில் வேர்க்கடலை உரித்துக்கொண்டே சொல்வீர்களே, அதுதான் ஞாபகம் வந்தது. பள்ளத்தாக்கின் தரையில் இன்றும் அமெரிக்கப் பழங்குடிகளான நவஹோ குடும்பங்கள் விவசாயம் செய்கிறார்கள்.

மறுநாள் மான்யுமெண்ட் வேலி. வெறும் செம்மண் தரையில் கை உறை மாதிரி இரண்டு பாறைகள், கட்டைவிரல்கூடத் தனியாகத் தெரிகிறது. இயக்குநர் ஜான் ஃபோர்டு 1939-இல் ஸ்டேஜ்கோச் படத்தை எடுத்தது இங்கேதான். கிளம்புவதற்கு முன்னால் ராத்திரிக்கு ஒன்றாகப் பழைய கௌபாய் படங்களைப் பார்த்துவைத்திருந்தேன். ஸ்டேஜ்கோச்சில் ஜான் வெய்ன் துப்பாக்கியை ஒரு சுழற்று சுழற்றி நிற்க, கேமரா அவர் முகத்தை நோக்கி ஓடுகிறதே, அதற்கு இன்றைக்கும் விசில் அடிக்கலாம்.

தி சர்ச்சர்ஸ் (1956) பற்றித்தான் எனக்கு மனது ஆறவில்லை. கதை நடப்பது டெக்சாஸில், எடுத்தது இங்கே. கொமாஞ்சிகள் என்ற வேறொரு பழங்குடியாக வருபவர்கள் நவஹோக்கள். ஆனால் அவர்களின் தலைவனாக நடித்தவர் பெர்லினில் பிறந்த, நீலக் கண் உள்ள ஹென்றி பிராண்டன்! அவர்கள் மண்ணிலேயே படம் எடுத்துவிட்டு, தலைவன் வேஷத்தை மட்டும் அவர்களுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. எங்களைச் சுற்றிக் காட்டிய நவஹோ பெரியவரிடம் அதைப் பற்றிக் கேட்டேன். ‘குதிரை ஓட்டியது எங்கள் ஆட்கள், அதைப் பார்’ என்றார். அவர்கள் தங்களை ‘தினே’ என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். லயன் காமிக்ஸில் கௌபாய் ஹீரோ டெக்ஸ் வில்லர் நவஹோக்களின் தலைவர் என்று படித்து வளர்ந்தவன் நான். செவ்விந்தியர் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன், இனிமேல் அந்த வார்த்தை வாயில் வராது. அதே படத்தின் கடைசியில், எல்லோரும் வீட்டுக்குள் போய்விட, ஜான் வெய்ன் மட்டும் வாசலில் நின்று ஒரு கையால் மறு கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடக்கிறார், கதவு மூடிக்கொள்கிறது. அதற்கப்புறம் கொஞ்ச நேரம் எழுந்திருக்க முடியவில்லை அப்பா.

ஆனால் எனக்குப் பிடித்த படம் எது என்றால் ஹை நூன் (1952). இந்தப் பாறை, பாலைவனம் எதுவும் அதில் கிடையாது. மதிய ரயிலில் வில்லன் வருகிறான், ஊரில் ஒருத்தரும் துணைக்கு வரவில்லை, சுவர்க் கடிகாரம் ஓடுகிறது, அவ்வளவுதான். ஊரின் காவல் அதிகாரியாக, அதாவது மார்ஷலாக வரும் கேரி கூப்பர் வீடு வீடாகப் போய்க் கேட்கிறார், முகத்தில் பயம் அப்படியே தெரிகிறது. பயந்துகொண்டே ஊரில் நிற்கிற அந்த மார்ஷல்தான் எனக்கு நிஜமான வீரன். நீங்கள் கிளின்ட் ஈஸ்ட்வுட்டைத்தான் சொல்வீர்கள், தெரியும். அவர் நடித்த இத்தாலிய கௌபாய் படங்களில் என் ஓட்டு எனியோ மோரிகோனியின் இசைக்கு மட்டும். அவற்றைப் பெரும்பாலும் ஸ்பெயினில்தான் எடுத்தார்கள் தெரியுமா?

சாப்பாடு ஒரு சாலையோரக் கடையில். மைதா மாவைக் கையிலேயே தட்டி எண்ணெயில் போட்டு எடுத்தார்கள், நம் பூரியைவிடத் தடிமன், உள்ளே மெத்தென்று இருந்தது. கூட ஆட்டுக்கறிக் குழம்பு, காரமே இல்லை. அம்மாவின் பருப்புப்பொடி இருந்தால் தூவிக்கொண்டிருப்பேன்.

மார்ச்சில் வரும்போது புது டெக்ஸ் புத்தகங்கள் வந்திருந்தால் எடுத்து வாருங்கள். அந்தப் பாறைக்கு நாம் விடியலுக்கு முன்பே போய்விடுவோம். நான் போய்ச் சேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது, நீண்ட நிழலைப் பார்க்க முடியவில்லை.

அன்புடன்,
உங்கள் மூத்த மகன்