தேநீர் வராத தேநீர் விருந்து

லண்டன்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நலம். அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? குளிர் குறைந்துவிட்டது, வாடகைதான் குறையவில்லை. சாப்பாட்டுப் புராணத்தை அம்மாவிடம் போனில் சொல்லிக்கொள்கிறேன்.

வேலை முடிந்து பஸ் பிடிக்க ஹேமார்க்கெட் தெரு வழியாகத்தான் நடக்கிறேன். வாசலில் ஆறு பெரிய தூண்களோடு அங்கே ஒரு நாடகக் கொட்டகை. இந்தக் கட்டடம் 1821இல் வந்தது. அதற்கு முன் பக்கத்திலேயே இருந்த பழைய கொட்டகையை நடத்தியவர் சாமுவேல் ஃபூட். நாடகமும் எழுதுவார், நடிக்கவும் செய்வார். திருவிழா நாடகத்தில் பபூன் வேஷம் கட்டிய உங்களுக்கு எழுதாமல் இந்த ஆளைப் பற்றி வேறு யாருக்கு எழுதுவேன்?

1737இல் வந்த சட்டத்தால் லண்டனில் இரண்டே கொட்டகைகள்தான் நாடகம் போடலாம் என்று அப்போது இருந்தது. 1747இல் ஃபூட் அனுமதி இல்லாமல் ஆரம்பித்தார், நிறுத்திவிட்டார்கள். மனுஷன் சும்மா இருப்பாரா? நண்பர்கள் வந்து தம்மோடு சாக்லேட் குடிக்கலாம் என்று விளம்பரம் கொடுத்தார். அப்புறம் அதுவே தேநீர் விருந்து ஆனது. கட்டணம் தேநீருக்குத்தான். அது தயாராகும்வரை சில இளம் நடிகர்களுக்குப் பயிற்சி கொடுப்பார், விருந்தாளிகள் வேண்டுமானால் பார்க்கலாம்! கூட்டம் அலைமோதியது. தேநீர்தான் வரவில்லை.

கடனுக்காகச் சிறையில் இருந்தபோது அவருக்கு அம்மாவிடமிருந்து கடிதம் வந்ததாம்: "அன்பு சாம், கடனுக்காகச் சிறையில் இருக்கிறேன், வந்து உதவு." பதில்: "அன்பு அம்மா, நானும் அப்படியே." நடந்ததோ, யாரோ கட்டிவிட்டதோ, இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதீர்கள். பணம் வராது என்று நினைத்துக்கொள்வார்.

ஆங்கில அகராதி செய்த ஜான்சனுக்கு ஃபூட்டைப் பிடிக்காது. சிரிக்கவே கூடாது என்ற முடிவோடு ஒரு விருந்தில் உட்கார்ந்து, காதில் விழாதவர்போலச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் கத்தியையும் முள்கரண்டியையும் கீழே வைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தாராம். ஜான்சன் வாயாலேயே சொன்னது இது.

ஆனால் ஃபூட்டின் நாக்கு எல்லாரையும் கடித்தது. டப்ளின் நகரத்தில் மரக்கால் வைத்திருந்த ஓர் அச்சுக்கூடக்காரரை 1762இல் அப்படியே மேடையில் நடித்துக் காட்டினார். அது எனக்கு உவப்பில்லை. ஊனத்தைக் கிண்டல் செய்ய என்ன சாமர்த்தியம் வேண்டும்? 1766இல் அரசரின் தம்பி யார்க் கோமகனும் இருந்த ஒரு பெரிய வீட்டு விருந்தில் முரட்டுக் குதிரை ஏறப்போய், விழுந்து, இவருக்கே ஒரு காலை எடுத்துவிட்டார்கள். மனம் கேட்காத கோமகன் அரசரிடம் பேசி, கோடைக்காலத்தில் நாடகம் போட ஃபூட்டுக்கு உரிமை வாங்கிக் கொடுத்தார். அத்தனை வருஷம் தேநீர் காட்டி ஏமாற்றியவருக்குக் கால் போனதும் லைசென்ஸ்! அதற்குப் பிறகு ஒற்றைக்கால் நாயகனை வைத்து ஒரு நாடகம் எழுதி, அந்த வேஷத்தைத் தானே கட்டினார். அங்கே மட்டும் நான் அவர் கட்சி.

1772இல் 'நவாப்' என்று ஒரு நாடகம் போட்டார். கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்கு இந்தியா வந்து, நம்மைச் சுரண்டிய காசோடு இங்கே திரும்பியவர்களைத்தான் கிழித்தார். அதில் வரும் புதுப்பணக்காரன், ஒரு குடும்பம் கடனில் சிக்கியதைக் காட்டி மிரட்டி அந்த வீட்டுப் பெண்ணைக் கேட்கிறான். நம் ஊர் வட்டிக்காரரை நீங்கள் மேடையில் வைத்து வாங்கினீர்களே, அவர் முன்வரிசையில் உட்கார்ந்து என்ன செய்தார்? அம்மா பாதி சொன்னதோடு சரி. மீதியை எழுதுங்கள்.

உங்கள் மகன்,
செந்தில்