தண்ணீர் பில்லில் வந்த தப்பு: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள குடியிருப்பு சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். போன மாதப் பில்லில் சில வீடுகளுக்கு ஆயிரம் யூனிட்டுக்கு மேல் விழுந்திருந்தது. மீட்டரும் சரி, ரீடிங் எடுத்தவரும் சரி, காரணமில்லை. தப்பு எங்கள் புரோகிராமில்தான்.

பில் என்பது வெறும் கழித்தல் கணக்கு. இந்த மாத ரீடிங்கிலிருந்து போன மாத ரீடிங்கைக் கழித்தால் முடிந்தது. ஆனால் டேட்டாபேஸில் இரண்டும் தனித்தனிப் பதிவுகள். இதற்கு முந்தையது எது என்று நாம்தான் காட்ட வேண்டும். வீட்டுவாரியாகப் பதிவுகளுக்கு 1, 2, 3 என்று எண் கொடுத்து, ‘ஒன்று குறைவான எண்ணைப் பார்’ என்று எழுதி வைத்திருந்தோம்.

பி-204 வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 13-ஆம் பதிவு 1,478. அடுத்து 1,497 என்பதற்குப் பதில் 1,947 என்று அடித்துவிட்டு, அழித்து, மறுபடி போட்டிருக்கிறார்கள். அழித்தது 14, புதியது 15. புரோகிராம் 14-ஐத் தேடியது, காணோம். சைபர் என்று வைத்துக்கொண்டு, 19 யூனிட் வர வேண்டிய இடத்தில் 1,497 போட்டுவிட்டது.

இனி ‘லேக்’ என்ற வசதியைப் பயன்படுத்துகிறோம். வீடுவாரியாகப் பிரித்து, தேதிப்படி அடுக்கி, உண்மையில் முன்னால் நிற்கும் பதிவையே இது எடுத்துத் தரும். நடுவில் எந்த எண் விட்டுப்போனாலும் கவலையில்லை. ஒரே தேதியில் இரண்டு ரீடிங் இருந்தால் மட்டும் பதிவு எண்ணைப் பார்க்கும்.

சோதனையில் நாங்களே ஒருமுறை ஏமாந்தோம். இந்த மாதப் பதிவுகளை மட்டும் முதலில் வடிகட்டி எடுத்துக்கொண்டு லேக் போட்டதில் எல்லா வீட்டுக்கும் முந்தைய ரீடிங் காலி! போன மாதப் பதிவுதான் வடிகட்டியதில் போய்விட்டதே. இப்போது முழுப் பதிவுகளிலும் கணக்குப் போட்ட பிறகே மாதத்தைப் பிரிக்கிறோம்.

புது வீட்டுக்கு முந்தைய பதிவு இருக்காது. சைபர் என்று ஊகிக்காமல், புரோகிராம் மீட்டர் பொருத்திய அன்றைய ரீடிங்கைக் கேட்கும். மீட்டர் மாற்றி ரீடிங் குறைந்திருந்தாலும் பில் போடாமல் நிற்கும்.

எங்கள் புரோகிராமைச் சங்க அலுவலகக் கணினியிலேயே வைத்திருப்பவர்கள் கவனிக்க: லேக் வசதி மை எஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் 2018-இல் வந்த 8.0 பதிப்பிலிருந்துதான் உண்டு. உங்களிடம் 5.7 இருந்தால் நாங்களே வந்து மாற்றித் தருகிறோம், கட்டணம் கிடையாது. பேக்கப் எடுக்காமல் கை வைக்க மாட்டோம்.

கூடுதலாகக் கட்டியவர்களின் பணம் அடுத்த பில்லில் கழியும். ரொக்கமாக வேண்டும் என்றால் வீட்டு எண்ணை எழுதி அனுப்புங்கள்.

சிரமத்துக்கு மன்னிக்கவும்.

இப்படிக்கு,
பில்லிங் மென்பொருள் குழு