பார்க்காத வாத்துக்கு ஒரு ஸ்டார்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் அவர்களுக்கும் பள்ளி நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம்.

முதல் வகுப்புப் பிள்ளைகளின் குளக்கரைப் பயணம் மூன்றாவது முறையாகத் தள்ளிப்போனது உங்களுக்குத் தெரிந்ததுதான். சுற்றறிக்கையில் இருப்பது உங்கள் கையெழுத்து. முதல் முறை வண்டி வரவில்லை. இரண்டாம் முறை வானம் கறுத்திருந்தது, ஆனால் மழை வரவில்லை. மூன்றாம் முறை, கூடப் போக வேண்டிய உதவி ஆசிரியரை மேல்வகுப்புத் தேர்வுக் கண்காணிப்புக்கு எடுத்துக்கொண்டீர்கள். இவ்வளவுதான் விஷயம் என்றால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். தள்ளிப்போவது பெற்றோருக்குப் பழகிவிட்டது. பிள்ளைக்குத்தான் இன்னும் பழகவில்லை. மூன்று முறையும் முந்தின இரவே ஷூவையும் சாக்ஸையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுத்தாள்.

என்னை எழுத உட்கார வைத்தது, வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்த ஃபைல்.

அதில் ஒரு பயிற்சித்தாள். தலைப்பு, ‘குளக்கரையில் நான் கண்டவை’. கீழே நான்கு வரிகள்: வாத்து, தவளை, தாமரை, வண்ணத்துப்பூச்சி. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம், கட்டத்துக்குள் டிக். கடைசி வரியில் ‘எனக்கு மிகவும் பிடித்தது’ என்று அச்சிட்டு ஒரு கோடு. கோட்டின் மேல் என் மகளின் கோணல் எழுத்தில் ‘வாத்து’. ஓரத்தில் பளபளக்கும் ஒரு ஸ்டார். பயணம் வியாழக்கிழமைக்கு வைத்திருந்தார்கள். தாளில் போட்டிருக்கும் தேதி புதன்.

அவளே தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். “நான் எப்பம்மா வாத்து பார்த்தேன்?”

நீ எழுதியிருக்கிறாயே என்றேன். “மிஸ் போர்டுல எழுதிப்போட்டாங்க. நாங்க பார்த்து எழுதினோம்.”

தேர்வில் பார்த்து எழுதினால் குற்றம் என்று மேல்வகுப்பில் கண்காணிப்புப் போட்டிருக்கிறோம். அந்தக் கண்காணிப்புக்கு ஆள் போனதால்தான் கீழ்வகுப்பில் எழுதியது கடைசிவரை பார்க்காததாகவே நின்றுவிட்டது. அதற்கு ஸ்டாரும் உண்டு. மற்ற பெற்றோரிடம் விசாரித்தேன். வகுப்பில் இருக்கும் 28 பிள்ளைகளுக்கும் மிகவும் பிடித்தது வாத்துதானாம்.

வகுப்பு ஆசிரியையை நான் ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை. தயவுசெய்து நீங்களும் சொல்லாதீர்கள். ஃபைல் வெள்ளிக்கிழமை மேல்பார்வைக்குப் போயாக வேண்டும், வியாழன் பயணம் முடிந்து வந்த பிறகு 28 பேரை எழுதவைக்க நேரமிருக்காது, அதனால் முன்கூட்டியே முடித்துவைத்தார். போனது போலவும் ஆயிற்று, ஃபைலும் நிறைந்தது. அந்த அம்மையாரிடம் நீங்கள் கேட்டது நிறைந்த ஃபைல், அவர் கொடுத்ததும் அதுதான்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். முதல் வகுப்புப் பிள்ளைகளை வாரத்துக்கு ஒரு மணி நேரம் வெளியே கூட்டிப்போங்கள். நடந்து போகிற தூரம் போதும். கையில் தாள் வேண்டாம்.

வெளியே போனால் என்ன படித்துவிடப் போகிறார்கள் என்று சென்ற பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நிர்வாகத்தின் தரப்பில் மெல்லிய தலையசைப்பு வந்ததை நான் பார்த்தேன். அந்தக் கேள்விக்குப் பதில் திங்கட்கிழமை சாயங்காலம் பள்ளி வாசலிலேயே கிடைத்தது. மணி அடித்து, நான் போய்ச் சேரக் கொஞ்சம் தாமதம். வாசல் மரத்தடியில் என் மகளும் இன்னும் இரண்டு பேரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பை முதுகில் இருந்தபடியே, தலைகள் மூன்றும் ஒட்டிக்கொண்டு. ஒரு மஞ்சள் சிறகு, ஒற்றைச் சிறகு, பாய்மரம் மாதிரி நிமிர்ந்து தானாகத் தரையில் நகர்ந்துகொண்டிருந்தது. காற்றில்லை. ஒருத்தி சிறகுக்கு உயிர் இருக்கிறது என்றாள். ஒரு பையன் தரையோடு கன்னத்தை வைத்துப் பார்த்துவிட்டு, “அடியில எறும்பு!” என்று கத்தினான். பிறகு எண்ணத் தொடங்கினார்கள். அவன் ஆறு என்றான், என் மகள் ஏழு என்றாள், இன்னொருத்தி எட்டு. ஓடுகிற எறும்பை எப்படி எண்ணுவது என்று சண்டை. கடைசியில் ஆளுக்கொரு பக்கம் எண்ணிக் கூட்டிக்கொள்வது என்று முடிவாயிற்று. வேரில் ஒரு முண்டு குறுக்கே வந்தது. சிறகு அகலவாக்கில் ஏறவில்லை. எறும்புகள் அதைத் திருப்பின. மூன்று பிள்ளைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது காவலாளி விசிலை ஊதி, வழியை விடுங்கள் என்றார். அவர் மேல் தப்பில்லை, வண்டிகள் வருகிற நேரம்.

கூட்டல் இருந்தது. எடையும் சாய்வும் இருந்தன. முரண்பட்ட விடைகளை என்ன செய்வது என்ற பேச்சுவார்த்தையும் இருந்தது. எல்லாம் பத்து நிமிடத்தில், பள்ளி நேரம் முடிந்த பிறகு, யாரும் பாடம் நடத்தாமல். இதற்குப் பாடத்திட்டத்தில் ஒரு மணி நேரம் கேட்கிறேன். அதிகமா?

வீடு வரும் வழியில் அவள் கேட்டதையும் சொல்லிவிடுகிறேன். “அது வண்ணத்துப்பூச்சிச் சிறகுதானேம்மா? அப்ப நான் எழுதினதுல ஒண்ணு பொய்யில்லை, இல்லையா?” ஐந்தரை வயதில் தன் ஃபைலின் கணக்கைத் தானே நேர்செய்கிறது பிள்ளை. நமக்கு எத்தனை வயது?

எங்கள் பள்ளியில் சின்னப் பிள்ளைகளின் கட்டடத்துக்குக் ‘கிண்டர்கார்ட்டன் பிளாக்’ என்று பெயர். தங்கநிறப் பலகை. ஜெர்மனியில் ஃப்ரோபெல் என்ற ஆசிரியர் 1837இல் பிளாங்கன்பர்க் ஊரில் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்காக ஓர் இடத்தைத் தொடங்கி, 1840இல் அதற்கு வைத்த பெயர் அது. பொருள், குழந்தைகளின் தோட்டம். வெறும் உவமையாக அவர் சொல்லவில்லை. பிள்ளைக்கு ஒரு பாத்தி என்று நிலத்தைப் பிரித்துக் கொடுத்து, விதைக்கவும் நீரூற்றவும் வைத்தார். 1851இல், அப்போதைய ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யா அந்தப் பள்ளிகளைத் தடைசெய்தது. அடுத்த ஆண்டு அவர் இறந்துபோனார். தடை நீங்கியது 1860இல். நம் பள்ளியில் அப்படித் தடையெல்லாம் இல்லை. ஒத்திவைப்பு மட்டும்தான். பலகையில் தோட்டம் இருக்கிறது, பலகைக்குப் பின்னால் சிமெண்ட் தரை இருக்கிறது. ஜன்னலோரம் மூன்று தொட்டிகளும் இருக்கின்றன. தொடாதே என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அதை வாசிக்கக் கற்றுக்கொண்டதுதான் இதுவரை அவற்றிலிருந்து கிடைத்த பாடம்.

பாடம் முடியவில்லை, எழுத்து திருந்தவில்லை, அதனால் நேரமில்லை என்பது நீங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். எழுத்தைப் பற்றி ஒன்று. மணிக்கட்டில் 8 சிற்றெலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை குருத்தெலும்புதான். ஒவ்வொன்றாக, வருடக்கணக்கில்தான் எலும்பாகின்றன. கடைசி எலும்பு இறுகத் தொடங்குவதே பெரும்பாலும் 8 வயதுக்கு மேல்தான். அந்தக் கையைக் கொண்டு நான்குகோடு நோட்டில் நாளுக்கு இரண்டு பக்கம் எழுதவைத்துவிட்டு, வரி கோணலாக இருக்கிறது என்று டைரியில் குறிப்பு அனுப்புகிறீர்கள். மண்ணைப் பிசைவதும், கல் பொறுக்குவதும், கிளையைப் பிடித்துத் தொங்குவதும் அந்தக் கைக்கு வேண்டிய பயிற்சி. குச்சியால் தரையில் கிறுக்குவதும் எழுத்துப் பயிற்சிதான். சட்டை அழுக்காகும். துவைப்பது நாங்கள்தானே.

கண்ணைப் பற்றி இன்னொன்று. சீனாவின் குவாங்சோ நகரில் 2010 முதல் 2013 வரை 12 பள்ளிகளில், இதே முதல் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 6 பள்ளிகளில் மட்டும் நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் வகுப்பு. மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம். வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் 39.5 சதவீதம். மருந்தும் இல்லை, கருவியும் இல்லை. வெளியே விட்டார்கள், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் எனக்கும் கண்ணாடி, அவள் அப்பாவுக்கும் கண்ணாடி. அதனால் இந்த எண்கள் எனக்கு வெறும் எண்களாகத் தெரியவில்லை. அங்கே நாளுக்கு 40 நிமிடம் கொடுத்தார்கள். நான் கேட்பது வாரத்துக்கு 60.

நேரமில்லை என்பதை நம்பத் தயாராகத்தான் இருந்தேன், ஆண்டுவிழா ஒத்திகை தொடங்கும் வரை. மூன்று வாரம், மத்தியானம் முழுவதும் ஒத்திகை. முதல் வகுப்புக்குக் கொடுத்த நடனம் என்ன தெரியுமா? வண்ணத்துப்பூச்சி. பெற்றோர் அட்டையில் சிறகு வெட்டி, ஜிகினா ஒட்டி, எலாஸ்டிக் தைத்து அனுப்ப வேண்டும். சிறகு இடது பக்கம் சாய்ந்தால் பிள்ளைக்குத் திட்டு. உயிருள்ள ஒரு வண்ணத்துப்பூச்சியைப் பார்க்க ஒரு மணி நேரம் இல்லாத கால அட்டவணையில், அட்டைப் பூச்சியாக ஆட மூன்று வாரம் எங்கிருந்து வந்தது? மேடை முன்வரிசையில் விருந்தினர் உட்காருவார்கள், குளக்கரையில் யாரும் உட்காரமாட்டார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. பயணம் நின்றுபோன வியாழக்கிழமை ஸ்மார்ட் போர்டில் குளம் காட்டினீர்களாம். வீடியோவில் வாத்து நன்றாகவே தெரிந்ததாம். பிறகு விளம்பரம் வந்ததாம்.

அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்கான துண்டுப்பிரசுரத்தைப் பார்த்தேன். அட்டையில் புல்வெளி, பூதக்கண்ணாடியோடு சிரிக்கும் இரண்டு பிள்ளைகள், ‘செய்து கற்கிறோம்’ என்ற வாசகம். அந்தப் புல்வெளி எங்கே இருக்கிறது என்று அலுவலகத்தில் கேட்டேன். அவர்களும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

கோபத்தில் கொஞ்சம் நீளமாகப் போய்விட்டேன். மன்னியுங்கள். கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

வண்டி வேண்டாம். குளமே வேண்டும் என்றுகூட இல்லை. பள்ளியைச் சுற்றிப் பத்து நிமிட நடையில் ஒரு மரம், ஒரு மண்மேடு, சைக்கிள் பழுதுபார்க்கிறவர் ஒருவர், கட்டிக்கொண்டிருக்கும் ஒரு வீடு, தபால்பெட்டி, மழை பெய்தால் ஒரு குட்டை என்று ஏதாவது இருக்கும். ஒரு வாரத்துக்கு ஒன்று போதும். போன இடத்துக்கே மறுபடி போனாலும் நல்லதுதான். சென்ற மாதம் மொட்டையாக இருந்த கிளையில் இந்த மாதம் துளிர் இருப்பது, இரண்டாம் முறை போனால்தானே தெரியும்.

ஆள் இல்லை என்றால் நாங்கள் வருகிறோம். இதைச் சும்மா சொல்லவில்லை. 11 பெற்றோர் முறை வைத்துக்கொண்டு வரச் சம்மதித்திருக்கிறோம். ஒரு தாத்தாவும் பெயர் கொடுத்திருக்கிறார், தபால்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். தபால்பெட்டி வாரம் அவருடையது. வாரத்துக்கு நான்கு பேர் வந்தால், ஆசிரியையோடு சேர்த்து ஐந்து பெரியவர்கள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், வண்டி வரும் பக்கத்தில் மூவர். பிள்ளைகள் ஜோடி ஜோடியாகக் கைகோத்து நடப்பார்கள். கிளம்பும்போதும், சாலையைக் கடந்ததும், திரும்பும் முன்பும் தலை எண்ணுவோம். கழிப்பறை போய்விட்டுத்தான் கிளம்புவது. முதலுதவிப் பையும் தண்ணீரும் எங்கள் பொறுப்பு. ஒப்புதல் கடிதத்தை ஆண்டுக்கு ஒருமுறை வாங்கிக்கொள்ளுங்கள். வாராவாரம் சுற்றறிக்கை அச்சடிக்கும் செலவு மிச்சம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். திரும்பி வந்ததும் ‘நான் கண்டவை’ எழுதச் சொல்லாதீர்கள். எறும்பைப் பார்த்தவன் எறும்பைப் பற்றிப் பேசட்டும். ஒன்றையும் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையோடு வாயடித்துக்கொண்டே நடந்தவள் அந்த வாயாடலைச் சொல்லட்டும். எழுத வேண்டுமென்று யாருக்காவது தோன்றினால் எழுதட்டும், படம் வரைய வேண்டுமென்றால் வரையட்டும். ஃபைலுக்கு ஏதாவது ஆவணம் வேண்டுமே என்றால், பிள்ளைகள் சொன்னதை ஆசிரியை நான்கு வரியில் குறித்துக்கொள்ளலாம். அவர் அதை விரும்பிச் செய்வார் என்றுதான் நினைக்கிறேன். அவரும் அந்த அறைக்குள்ளேயேதான் அடைந்துகிடக்கிறார்.

வாரத்துக்கு ஒரு மணி நேரம். நடந்து போகிற தூரம். கையில் தாள் இல்லாமல்.

மடலோடு அந்தப் பயிற்சித்தாளையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நான் எதையும் திருத்தவில்லை. வாத்தையும் தவளையையும் தாமரையையும் என் மகளே ரப்பர் போட்டு அழித்துவிட்டாள். அழுத்தி அழித்ததில் தவளை இருந்த இடத்தில் தாள் கிழிந்திருக்கிறது. ‘வண்ணத்துப்பூச்சி’க்குப் பக்கத்தில் ‘ஒரு சிறகு’ என்று சேர்த்திருக்கிறாள். ‘எனக்கு மிகவும் பிடித்தது’ என்ற கோட்டின் மேல் இப்போது இருப்பது ‘எறும்பு’. எழுத்துப்பிழை ஒன்று இருக்கிறது, பெரிய ‘று’வுக்குப் பதில் சின்ன ‘ரு’ போட்டிருக்கிறாள். ஸ்டாரையும் உரிக்கப் பார்த்தாள், வரவில்லை. அதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு நாங்கள் நான்கு பேர் வாசலில் இருப்போம். கதவைத் திறந்துவிட்டால் போதும்.

மரியாதையுடன்,
முதல் வகுப்புப் பிள்ளை ஒன்றின் தாய்