எங்கள் தெரு குடியிருப்போர் நலச்சங்கம், காட்பாடி: 2025ஆம் ஆண்டறிக்கை

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. கால்வாய் தூர் வாரியாகிவிட்டது. தெருவிளக்குக்கு மூன்று மனு கொடுத்தும் வேலை நடக்கவில்லை, மறுபடியும் கொடுப்போம். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் புரட்டாசி, ஐப்பசி பற்றித்தான் சொல்ல வேண்டும்.

இந்த வருஷம் நம் தெருவில் நான்கு வீடுகளில் சாவு. செப்டம்பர் 21 மகாளய அமாவாசை. பாலாற்றங்கரையில் எள்ளும் தண்ணீரும் விடப் போகிறவர்களுக்காக இளைஞர்கள் முந்தின நாளே அங்கே கிடந்த பழைய துணிகளை அள்ளிவிட்டார்கள். மூலை வீட்டு அம்மா வாழைக்காய், அவரைக்காயோடு, கணவருக்குப் பிடித்த முள்ளுக் கத்தரிக்காய்க் குழம்பும் படைத்தார். அவருடைய மூக்குக் கண்ணாடியை முந்தானையால் துடைத்துப் படத்தின் முன் வைத்தார். காக்கா வர அரைமணி நேரம் ஆனது. அதுவரை மொட்டை மாடியில் நாங்கள் நாலு பேர் கூடவே நின்றோம். வந்து கொத்தியதும், "வந்துட்டாரு" என்று உட்கார்ந்துவிட்டார்.

துக்க வீட்டில் அந்த வருஷம் பண்டிகை கிடையாது, எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். உறவுக்காரர்கள்தான் பலகாரம் கொண்டு வந்து கொடுப்பார்கள். இப்போது உறவெல்லாம் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறதே! அதனால் தீபாவளிக்கு நாமே அதிரசம் சுட்டுக் கொடுக்க முடிவு செய்தோம். தீபாவளியை ஒட்டி வரும் கேதார கௌரி நோன்புக்குப் படைக்கும் அதிரசத்தை வெளியே கொடுக்கக் கூடாதே என்று கேள்வி வந்தது. நோன்புக்கு முன்பே தனியாக மாவு இடித்து, தனிப் பாகு வைத்துச் சுட்டால் தோஷமில்லை என்றார் ஒரு பெரியம்மா. சரி என்று எல்லோரும் ஒப்புக்கொண்டு, இரண்டு வீடுகளுக்குக் கொண்டுபோனோம்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். மகனை இழந்த நம் உறுப்பினரோடு முந்தின நாளே போய்க் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்தோம். மறுநாள் சாமந்தி மாலை போட்டார். காற்றில் மெழுகுவத்தி நிற்கவில்லை. பையன்கள் தேங்காய்த் தொட்டியை மறைப்பாக வைத்துக் கொடுத்தார்கள்.

நான்காவது வீட்டுக்கு நாம் போகவில்லை. அது என் தவறு. வாடகைக்கு வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது, பட்டியலில் பெயர் இல்லை. தீபாவளியன்று அந்த வாசலில் கோலம் இல்லாததைப் பார்த்துக்கொண்டே இரண்டு முறை கடந்து போயிருக்கிறேன். பிறகு நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன்.

அடுத்த புரட்டாசிக்குள், உறுப்பினரோ இல்லையோ, வீடு வீடாகக் கேட்டு நோட்டில் எழுத இரண்டு பேர் வேண்டும். கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்