நானோதுளை: புரதத்தின் அளவு மட்டுமல்ல, நேரமும் முக்கியம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் அறிவியல் பக்கத்தில் நானோதுளை சென்சார் (மிக நுண்ணிய துளை வழியாக மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக அறிகிற கருவி) பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். டி.என்.ஏ. படிக்கிற பகுதி நன்றாகவே இருந்தது, கையில் அடங்கும் மினியான் கருவி வரை சொல்லியிருந்தீர்கள். ஆனால் புரதம் என்று வந்ததும், துளை வழியாகப் போகிற எந்தப் புரதத்தையும் அடையாளம் கண்டுவிடும், இனி ஒரு சொட்டு ரத்தம் போதும் என்கிற ரீதியில் இரண்டே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். முதல் வரி பாதி உண்மை. இரண்டாவது இப்போதைக்கு வெறும் ஆசை.

அடிப்படை எளிமையானதுதான். ஒரு மெல்லிய படலம், இரண்டு பக்கமும் உப்புக்கரைசல், நடுவில் ஒரே ஒரு துளை. மின்னழுத்தம் கொடுத்தால் அயனிகள் துளை வழியாக ஓடும், ஏதாவது உள்ளே நுழைந்தால் அந்த மின்னோட்டம் குறையும். ஆரம்பத்தில் பயன்பட்டது ஸ்டஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவின் ஆல்ஃபா ஹீமோலைசின் என்கிற நச்சுப் புரதம். அதன் குறுகலான இடம் சுமார் 1.4 நானோமீட்டர், மின்னோட்டமோ 100 பிக்கோஆம்பியர் அளவில். 1996-இல் கசியனோவிச், பிராண்டன், டீமர் குழு டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இழைகளை இதன் வழியாக இழுத்துக் காட்டியது.

டி.என்.ஏ. முழுக்க எதிர்மின்சுமை உள்ள நீண்ட இழை, மின்புலம் இழுத்த இழுப்புக்கு வரும். புரதம் அப்படி இல்லை. மடிந்து சுருண்டு கிடக்கும், நேர்மின்னும் எதிர்மின்னும் கலந்திருக்கும், சின்னத் துளைக்குள் நுழையாது. சரி, சிலிக்கான் நைட்ரைடில் பெரிய துளை போடுவோம் என்றால், பல புரதங்கள் சில மைக்ரோநொடியில் பாய்ந்து வெளியே போய்விடுகின்றன, மின்னோட்டத்தைப் பதிவு செய்கிற பெருக்கி அதைக் கவனிப்பதற்குள் கதை முடிந்துவிடுகிறது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் குழு 2013-இலேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டியது: பதிவாவது மெதுவாகப் போன சிலது மட்டும்தான், பெரும்பாலானவை கண்ணில் படாமலே தப்பிவிடுகின்றன.

அதனால்தான் புரதத்தை ஓடவிட்டு எண்ணுவதை விட, ஒன்றைத் துளையின் வாயிலேயே கட்டிப்போட்டு, இன்னொன்று வந்து ஒட்டுவதையும் விலகுவதையும் பார்ப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கூட இல்லை! அமெரிக்காவின் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் தாக்கூரும் மொவிலியானுவும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். பார்னேஸ் என்கிற புரதத்தைத் துளையோடு இணைத்துவிட்டு, அதைப் பிடித்து முடக்குகிற பார்ஸ்டார் என்கிற இன்னொரு புரதத்தைக் கரைசலில் விட்டார்கள். பார்ஸ்டார் வந்து பிடித்ததும் மின்னோட்டம் ஒரு படி மாறும், விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பும். இந்த ஜோடி நம் வாசகர்களுக்கும் புதிதல்ல, டி.எம்.எச்.-11 மரபணு மாற்றக் கடுகு சர்ச்சையில் அடிபட்ட அதே பார்னேஸ், பார்ஸ்டார்தான். இயல்பில் இவை பிடித்தால் விலக நாள் கணக்கில் ஆகும் என்பதால் பிணைப்பைத் தளர்த்திய வகையை வைத்துத்தான் அளந்தார்கள்.

இதில் இரண்டு நேரங்கள் கிடைக்கின்றன. அடுத்தது வந்து ஒட்டும் வரை காத்திருக்கிற நேரம், ஒட்டியது விலகும் வரை இருக்கிற நேரம். கரைசலில் பார்ஸ்டாரைக் கூட்டினால் முதல் நேரம் குறையும், இரண்டாவது மாறவே கூடாது, மாறினால் நாம் பார்ப்பது வேறு ஏதோ. ஒரே பிணைப்பு வலிமை உள்ள இரண்டு மருந்துகளில் ஒன்று சட்டென்று ஒட்டிச் சட்டென்று விடலாம், இன்னொன்று மெல்ல வந்து ஒட்டி மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கலாம், நோயாளிக்கு இரண்டும் ஒன்றல்ல. எஸ்.பி.ஆர். என்கிற, ஒளியை வைத்துப் பிணைப்பை அளக்கும் முறையிலும் இந்த வேகத்தை அளக்கலாம், ஆனால் அது கோடிக்கணக்கான மூலக்கூறுகளின் கூட்டுக் கணக்கு. கொஞ்ச நேரம் பிடிப்பவையும் நெடுநேரம் பிடிப்பவையும் கலந்திருந்தால் அதில் பிரித்துப் பார்ப்பது கஷ்டம், ஒற்றைத் துளையில் ஒவ்வொரு பிடிப்பும் தனியாகத் தெரியும்.

அப்புறம் அந்த ஒரு சொட்டு ரத்தம். ஒரு லிட்டர் ரத்த சீரத்தில் அல்புமின் என்கிற புரதம் மட்டுமே 35 முதல் 50 கிராம். மாரடைப்புக்குப் பார்க்கிற டிரோபோனினோ லிட்டருக்குச் சில பத்து நானோகிராம் இருந்தாலே கவலைப்பட வேண்டியது. நூறு கோடி மடங்குக்கும் மேல் வித்தியாசம்! போதாததற்குக் கண்ட புரதமெல்லாம் துளைச் சுவரில் ஒட்டி அடைத்துக்கொள்ளும். இதைத் தடுக்க ஆய்வாளர் மைக்கேல் மேயரின் குழு 2011-இல் துளைக்குக் கொழுப்புப் பூச்சு பூசியது, பூச்சிகளின் மோப்ப உறுப்பைப் பார்த்து வந்த யோசனை அது (எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்த வேலை). அப்படியும் நேரடியாக ரத்தத்தில் வைத்து நம்பகமாக அளப்பது இன்னும் ஆய்வுக்கூட முயற்சிதான், பரிசோதனை நிலையத்துக்கு வந்துவிட்டது போல எழுதினால் வாசகர் போய்க் கேட்டு ஏமாந்து திரும்புவார்.

ஒரு வேண்டுகோள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையத்திலும் நானோதுளை ஆய்வு நடக்கிறது, உங்கள் நிருபர் ஒரு தடவை போய் வரட்டும். அடுத்த முறை கணினியில் வரைந்த நீலநிறப் பந்துகளுக்குப் பதிலாக, அங்கே பதிவான மின்னோட்டக் கோட்டையே படமாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருநெல்வேலி