பஞ்சபாண்டவனுக்கு வாரிசு

அன்புள்ள பிப்பெட்டு,

தீபாவளிக்கு நீ அனுப்பிய நீளமான செய்திக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனவன், இப்போது பக்கம் பக்கமாக எழுதுகிறான் என்றால் காரியம் இருக்கிறது என்று உனக்கே தெரிந்திருக்கும். அதற்கு முன்னால்: அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? மாடி ஏற விடாதே. துறைத்தலைவர் ஆகிவிட்டாயாமே, கட்டைச்சுவர் சொன்னான். நீயாகச் சொல்ல மாட்டாய். இங்கே எல்லோரும் சௌக்கியம். எனக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, உன் தங்கச்சி சோற்றை அளந்துதான் போடுகிறாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பெரியவள் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியை விட்டுவிடலாமா என்று கேட்கிறாள்.

நமக்கு இப்படி ஒரு கேள்வியே வந்ததில்லை. சேர்ந்தால் மூன்று வருஷம், தேறாவிட்டால் அரியர், அவ்வளவுதான். இங்கே அமெரிக்காவில் செமஸ்டர் தொடங்கிய ஓரிரு வாரத்துக்குள் ஒரு பாடத்தை விட்டால் அதை எடுத்த தடயமே இருக்காது. அதற்குப் பிறகு, குறித்த கெடுவுக்குள் விட்டால் மதிப்பெண் பட்டியலில் ‘டபிள்யூ’ என்று ஓர் எழுத்து விழும், ஆனால் சராசரியில் சேராது. அந்தக் கெடுவும் போய்விட்டால் எழுதித் தீர்க்க வேண்டியதுதான். அவளுக்குக் கெடு வருகிற செவ்வாய்க்கிழமை. கட்டிய பணம் திரும்பாது. அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை என்று உன் தங்கச்சிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

மிட்டெர்ம் பரீட்சையில் நூற்றுக்கு 41. வகுப்புச் சராசரியே 56தானாம். டாக்டர் ஆகவேண்டும் என்று கிளம்பிய பிள்ளைகளுக்கு இங்கே ஆர்கானிக் என்றால் வாசலில் அரிவாளோடு நிற்கிற ஐயனார். எம்கேட் என்ற நுழைவுத்தேர்வு எழுதி மருத்துவக் கல்லூரிக்கு மனுப் போட வேண்டும், பெரும்பாலும் நாலு வருஷப் பட்டம் ஒன்று முடித்த பிறகுதான் அங்கே சேர முடியும். அந்த விண்ணப்பத்தில் அறிவியல், கணக்குப் பாடங்களின் சராசரியைத் தனியாகப் பிரித்து வைத்துப் பார்க்கிறார்கள். அதனால் ஒரு ‘சி’ விழுந்தாலே பிள்ளைகள் செத்த வீடு மாதிரி ஆகிவிடுகிறார்கள்.

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 2022இல் நடந்தது உனக்குத் தெரியுமா? மெய்ட்லாண்ட் ஜோன்ஸ் என்பவர், 84 வயது, பிரின்ஸ்டனில் பல காலம் இதே பாடத்தை நடத்தியவர், பாடநூல் எழுதியவர். வகுப்பில் இருந்த 350 பேரில் 82 பேர், பாடம் ரொம்பக் கஷ்டம், மார்க் சரியில்லை என்று மனுக் கொடுத்தார்கள். அடுத்த செமஸ்டர் தொடங்கும் முன் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இத்தனைக்கும் அவரை வேலையை விட்டு எடுங்கள் என்று மனுவில் யாரும் கேட்கவே இல்லை. நம் பென்சீன் சார் மீது மனுக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மனுவைச் சோடியத்தோடு சேர்த்து உருக்கி, நைட்ரஜன் இருக்கிறதா பார் என்று நம்மிடமே கொடுத்திருப்பார்.

போன வாரம் வந்தபோது அவள் விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். ஒரு பக்கத்தில், நாலு பிணைப்புக்கு மேல் போடக்கூடாத கார்பனுக்கு ஐந்து பிணைப்பு! நம் வகுப்புப் பஞ்சபாண்டவனுக்கு அமெரிக்காவில் வாரிசு வந்துவிட்டது என்று நான் சிரித்த சிரிப்பில் அவள் கோபித்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். அடுத்த பக்கத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரட்டைப் பிணைப்பில் ஹைட்ரஜன் புரோமைடு சேருகிற கணக்கு. விளைபொருள் சரி, புரோமின் போய் உட்கார வேண்டிய கார்பனில்தான் உட்கார்ந்திருக்கிறது. எது எந்தக் கார்பனில் சேரும் என்று சொல்கிற மார்க்கோனிக்காவ் விதியை நெட்டுருப் போட்டிருக்கிறாள். ஆனால் எலெக்ட்ரான் நகர்வதைக் காட்டுகிற வளைந்த அம்பு இருக்கிறதே, அதை ஹைட்ரஜனிலிருந்து கிளப்பி இரட்டைப் பிணைப்பில் கொண்டு போய்க் குத்தியிருக்கிறாள். எலெக்ட்ரான் இருப்பதே இரட்டைப் பிணைப்பில்தான், அம்பு அங்கிருந்தல்லவா புறப்பட வேண்டும்? 12 மார்க் கேள்விக்கு 3 கொடுத்திருக்கிறார்கள்.

நம் காலத்தில் இதற்கு முழு மார்க் விழுந்திருக்கும். ராபின்சன் என்கிற வேதியியலாளர் அந்த அம்பை வரைந்தது 1922இல். எழுபது வருஷம் கழித்து மதுரையில் பி.எஸ்சி. படித்த நமக்கு அது பரீட்சைக்கு வராத சங்கதி. கன்னிசாரோ வினையையும் பெர்க்கின் வினையையும் சமன்பாடாக எழுதி அடிக்கோடு போட்டால் பாஸ். இவளும் அதே மாதிரிதான் படிக்கிறாள்: அட்டை அட்டையாக வினைகளை எழுதி ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறாள். கட்டு என் மணிக்கட்டுத் தடிமன் இருக்கும். இங்கே கேள்வியோ அந்த அட்டைகளில் இல்லாத சேர்மத்தைக் கொடுத்து, எலெக்ட்ரான் எங்கே போகும் சொல் என்று கேட்கிறது. நியாயமான கேள்விதான். அதனால்தான் எனக்கு அவள் வாத்தியார் மீது கோபம் வரவில்லை.

அவளை மக்கு என்று நினைத்துவிடாதே. அன்று ராத்திரியே கோபம் தணிந்து இறங்கி வந்து, கடையில் வாங்கிய ரை ரொட்டியை மூக்கடியில் நீட்டினாள். பிறகு ஃபிரிட்ஜிலிருந்து புதினாக் கட்டை எடுத்துக் கசக்கி நீட்டினாள். ரொட்டியில் இருக்கிற, சீரகம் மாதிரியான கேரவே விதையின் வாசனையும் புதினா வாசனையும் கார்வோன் என்கிற ஒரே சேர்மமாம், தெரியுமா உனக்கு? உனக்குத் தெரியாமல் இருக்குமா! 10 கார்பன், 14 ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன், பிணைப்புகளும் அதே வரிசை, ஆனால் ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். வித்தியாசத்தை நம் மூக்கு கண்டுபிடித்துவிடுகிறது, ஏனென்றால் மூக்கில் இருக்கிற ஏற்பிகளுக்கும் அந்த இட வல பேதம் உண்டு. சதகுப்பையிலும் கேரவேயில் இருக்கிற கார்வோன்தான் என்று நான் எடுத்துவிட்டேன். அம்மாச்சி பிரசவ லேகியத்தில் போடுவாளே அதுவா என்று உன் தங்கச்சி வந்து சேர்ந்தாள். மணி பதினொன்று ஆகிவிட்டது. பாடத்தை விடப்போகிற பெண் பேசுகிற பேச்சா இது?

எனக்குத் தேனிக்காரன் ஞாபகம் வந்துவிட்டது. குப்பி மூடியைத் திறந்த உடனே பென்சால்டிஹைடு, அனிலின் என்று சொல்லிவிடுவானே. நாமெல்லாம் பக்கத்து மேசையை எட்டிப் பார்த்து எழுதினோம். பி.எஸ்சி. முடித்தது நாம். அவன் அரியரை அடுக்கிக்கொண்டே போய், ஒருநாள் வராமல் நின்றுவிட்டான். கடைசியாகப் பெரியார் பஸ் நிலையத்தில் அவனைப் பார்த்தபோது டிகிரியைப் பற்றிக் கேட்கவே வாய் வரவில்லை. அவனுக்கு இப்படி ஒரு ‘டபிள்யூ’ கிடைத்திருந்தால் ஒரு செமஸ்டர் மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பி வந்திருப்பானா, அல்லது சீக்கிரமே போயிருப்பானா? இதை நினைத்துத்தான் இரண்டு நாளாகத் தூக்கம் கெடுகிறது.

உன் தங்கச்சியின் கட்சி: விடக்கூடாது. அவள் கூடப்பிறந்த அண்ணன் பையன் மூன்றாம் முறையாக நீட் எழுதுகிறான், இவளுக்கு என்ன கேடு என்கிறாள். என் கட்சி வேறு. விட்டால் 12 கிரெடிட் மிஞ்சும், முழுநேர மாணவி என்ற கணக்கு கெடாது. அடுத்த வருஷம் திரும்ப எடுக்கலாம். மருத்துவக் கல்லூரிக்கு மனுப் போடுவது ஒரு வருஷம் தள்ளும், தள்ளட்டும். இடையில் ஒரு வருஷம் விட்டுப் போகிறவர்கள் இங்கே ஏராளம். கோடையில் எடுக்கிறேன் என்கிறாள், அதற்கு மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன். பதினைந்து வாரப் பாடத்தைச் சில வாரங்களில் திணிப்பார்கள், அட்டைக் கட்டுதான் இன்னும் பெருக்கும். எனக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். அந்த அம்பு இன்னும் கொஞ்ச நாளில் அவளுக்குத் திரும்புமா, அல்லது இந்த வருஷம் நடக்காதா? அதை அப்பன்காரனால் சொல்ல முடியாது. வருஷா வருஷம் அறுபது பிள்ளைகளைப் பார்க்கிற உனக்கு அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

அதனால் வருகிற சனிக்கிழமை சாயங்காலம் உன் நேரம் ஏழு மணிக்கு வீடியோவில் வா. இங்கே காலை ஒன்பதரை, அவளை எழுப்பிக் கொண்டுவந்து உட்காரவைப்பது என் பொறுப்பு. ஒரு தொகுதி போய் இன்னொன்று அந்த இடத்தில் உட்காருகிற இரண்டு வழிகள், எஸ்என்1, எஸ்என்2 இரண்டையும் அவளையே சொல்லச் சொல், நீ பேசாதே. தாளில் வரைவதைக் காட்டச் சொல், கையை மட்டும் கவனி. மாமா என்றுதான் கூப்பிடுவாள், துறைத்தலைவர் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடாதே. முடிந்ததும் ‘விடலாம்’ அல்லது ‘விடவேண்டாம்’ என்று ஒரு வார்த்தை எனக்குத் தனியாக அனுப்பு, காரணம் பிறகு சொல்லலாம். இன்ஆர்கானிக் இரண்டாம் தாள் விவகாரத்தை மட்டும் அவளிடம் எடுத்துவிடாதே. உன் தங்கச்சிக்கே இன்றுவரை அது தெரியாது.

உன்,
சால்ட்டு