நிழலும் தண்ணீரும் தேடிய ஆண்டு: செயலாளரின் 2024 ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, மூத்த உறுப்பினர்களே, இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளே,

எமது நடைச் சங்கத்தின் 2024 தை முதல் மார்கழி வரையான செயற்பாடுகளை இப்பொதுக்கூட்டத்தில் சமர்ப்பிக்கிறேன். கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அதில் நான் கை வைக்கப் போவதில்லை. போன வருடம் வைத்து வாங்கிக் கட்டியது போதும்.

கடந்த பொதுக்கூட்டத்தில் நிறைவேற்றிய தீர்மானம் உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு மணித்தியாலத்துக்குள் நடந்து முடிக்கக்கூடியதும், நிழல் உள்ளதும், புறப்பட்ட இடத்துக்கே சுற்றி வந்து சேர்வதும், கடைசியில் இறங்கிக் குளிக்கத் தண்ணீர் உள்ளதுமான ஒரு பாதையைச் செயலாளர் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அது. எல்லாரும் கை உயர்த்தினீர்கள். யாழ்ப்பாணத்தில் இதை எங்கே போய்த் தேடுவது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. இங்கே மலை இல்லை. வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. காடு என்று சொன்னால் பற்றைக்காடு. பெய்கிற மழையைச் சுண்ணாம்புக்கல் குடித்துவிடுகிறது. பனங்கூடலுக்குள் நடக்கலாம்தான். ஆனால் பனை தன் நிழலைத் தன் காலடியில் போடாமல் அடுத்த வளவுக்குள் போடுகிற மரம்.

சரி, தீர்மானம் தீர்மானம்தான். தையில் வழுக்கையாற்றிலிருந்து தொடங்கினோம். குடாநாட்டில் ஆறு என்று சொல்லிக்கொள்ள இருப்பது அது ஒன்றே. அதுவும் மாரியில்தான் ஓடும். கந்தரோடைப் பக்கத்திலிருந்து அராலிப் பக்கமாக நடந்தோம். தண்ணீர் கணுக்காலளவு. இரண்டு பக்கமும் வயல்வெளி, தலைக்கு மேல் வெறும் வானம். போன வழியால் திரும்ப மனமில்லாமல் எல்லாரும் பஸ் ஏறினோம். அதோடு அந்தப் பாதை கணக்கிலிருந்து கழிந்தது.

பங்குனியில் மணற்காடு. இதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிழல் விடயத்தில் எங்கள் பக்கத்தில் இதற்குக் கிட்ட வரக்கூடிய இடம் வேறில்லை. வடமராட்சி கிழக்கில் மணற்கும்பிகளுக்குப் பக்கத்தில் நட்டு வளர்த்த சவுக்குத் தோப்பு அது. உள்ளே போனதும் முதலில் தெரிவது சத்தம் இல்லாமைதான். சவுக்கஞ்சருகு மெத்தை போல் கிடப்பதால் முன்னால் போகிறவரின் காலடி கேட்பதில்லை. காற்று வந்தால் மட்டும் மேலே கடல் இரைவது போல ஓர் இரைச்சல். உண்மையான கடல் எந்தப் பக்கம் என்பதே குழம்பிவிடும். எங்களுக்கும் குழம்பியது. மரமெல்லாம் ஒரே மாதிரி, அடியில் அடையாளத்துக்கு ஒரு பற்றைகூடக் கிடையாது. சுற்றி வருகிறோம் என்று நினைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் நேராக நடந்து, கடைசியில் மணலில் பாதி புதைந்து நிற்கும் பழைய தேவாலயச் சுவர்களைக் கண்டுதான் திசை பிடித்தோம். வழிகாட்டிய உறுப்பினர் அதைத் திட்டமிட்டுத்தான் செய்ததாக இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

குளிப்பதற்குக் கடல் இருந்தது. ஆனால் உடுப்பு மாற்றிக்கொண்டு இறங்கப் போன எங்களை வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் மறித்தார். "அண்ணை, இதிலை இறங்காதேங்கோ. கரையிலேயே பள்ளம், உள்ளுக்கு இழுக்கும்." எங்கள் உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நீந்தத் தெரியாது. மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஊரில் இது வெட்கக்கேடுதான். ஆனாலும் வெட்கத்தோடு வீடு திரும்புவது மேல் என்று முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பினோம். உப்புப் பிசுபிசுப்போடு பருத்தித்துறை வரை பஸ்ஸில் நின்று வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

சித்திரையில் நடை இல்லை. சித்திரை வெயிலில் நடக்க வேண்டும் என்று எழுதித் தந்த இரண்டு இளம் உறுப்பினர்களின் கடிதம் கோப்பில் பத்திரமாக இருக்கிறது.

வைகாசியில் சிறுவர்களின் ஆசைக்காக நிலாவரை ஆழக்கிணற்றுக்குப் போனோம். குளிக்க அல்ல, பார்க்க. இராமர் அம்பு விட்டுத் தண்ணீர் எடுத்த கதையைப் பெரியவர்கள் சொன்னார்கள். ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியையான எங்கள் உறுப்பினர் மற்றக் கதையைச் சொன்னார். சுண்ணாம்புக்கல்லை மழைத்தண்ணீர் காலங்காலமாகக் கரைத்து உள்ளே குகை உண்டாக்கும். ஒரு நாள் குகையின் கூரை இடிந்து விழும். அந்தப் பள்ளத்தில் தெரிவது நிலத்தடி நீரேதான். நல்ல தண்ணீர் பாரம் குறைந்ததால் மேலே மிதக்கும், உப்புத் தண்ணீர் கீழே கிடக்கும். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலே ஏறும். "அப்ப எங்கடை கிணறு எல்லாம் கடலுக்கு மேலை மிதக்குதோ ரீச்சர்?" என்று கேட்ட பிள்ளைக்கு அன்றைய பரிசாக ஒரு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தோம். செலவு கணக்கில் இருக்கிறது.

ஆடியில் கண்டிப் பயணம். தையிலிருந்து மாகோ–அனுராதபுரம் தண்டவாளத் திருத்தத்துக்காகப் ரயில் பாதை மூடப்பட்டிருந்ததால் யாழ்தேவி ரயிலில் போகும் ஆசை நிறைவேறவில்லை. வான் பிடித்தோம். ஏ9 வீதியின் ஒரு முனையில் நாங்கள், மற்ற முனையில் கண்டி. வழி கேட்கத் தேவையே இருக்கவில்லை. தலதா மாளிகையின் பெரஹரா ஊர்வலத்துக்குச் சனம் வர முன்னர் போய்விட வேண்டும் என்று அவசரப்பட்டது நல்லதாகப் போயிற்று.

தலதா மாளிகைக்குப் பின்னால் ஏறினால் உடவத்தகலை. நூறு ஹெக்டேயருக்குச் சற்றுக் கூடிய காடு, நகரத்தின் தலைமாட்டிலேயே. 1938 இல் அதைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். அனுமதிச் சீட்டு வாங்கி உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் பஸ் ஹோர்ன் சத்தம் அடங்கிவிட்டது. எங்கள் தீர்மானத்தை யாரோ முன்கூட்டியே வாசித்துவிட்டுக் கட்டிய பாதை போல் இருந்தது: அகலமான மண்பாதை, மெல்லிய ஏற்றம், சுற்றி வந்தால் புறப்பட்ட இடம். வெள்ளைக்காரத் தேசாதிபதிகள் தங்கள் மனைவிமாரின் பெயர்களை இந்தப் பாதைகளுக்கு வைத்திருக்கிறார்கள். லேடி ஹோர்ட்டன் பாதை அவற்றில் ஒன்று. அவருடைய கணவர் 1831 முதல் 1837 வரை இங்கே தேசாதிபதியாக இருந்தவர். எங்கள் மகளிர் உறுப்பினர்கள் இதைக் குறித்துக்கொண்டு, சங்கம் கண்டுபிடிக்கும் பாதைக்கு எந்தத் தலைவரின் மனைவி பெயரை வைப்பது என்று வழி முழுக்கப் பகிடி பண்ணினார்கள். தலைவர் சிரிக்கவில்லை.

நிழலைப் பற்றி என்ன சொல்ல? மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத் தொப்பி தேவைப்படவில்லை. மரத்துக்கு மரம் தாவிப் போகும் ஒரு கொடி, மனிதத் தொடையளவு பருமன்; எங்கே வேர், எங்கே நுனி என்று பார்த்துக் கழுத்து நொந்தது. மூத்த உறுப்பினர் ஒருவர் நின்று மேலே பார்த்துவிட்டு, "இது நிழல் இல்லைத் தம்பி, இருட்டு" என்றார். அவருக்கு அது பிடிக்கவில்லையா, நன்றாகப் பிடித்துவிட்டதா என்று எனக்கு இன்னும் தெரியாது.

பிறகு அட்டை. எங்கள் ஊரில் மாட்டின் வாயிலும் குளத்திலும் கண்ட அட்டையை நினைத்துக்கொண்டு போனவர்களுக்கு, சருகின் மேல் வாலை ஊன்றி எழுந்து நின்று தலையை ஆட்டி ஆள் தேடும் நூல் பருமன் அட்டை புதிது. ரீச்சரின் வெள்ளைச் சொக்ஸில் ஏறியதை நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம். அது பின்னலின் இடைவெளிக்குள் தலையை விட்டு, மெலிந்து, உள்ளே போய்விட்டது. திரும்பக் கண்டபோது முந்திரிகை வத்தல் போல் உருண்டிருந்தது. கடிக்கும்போதே இரத்தத்தை உறைய விடாத ஒன்றை அது செலுத்திவிடுவதால், விழுந்த பிறகும் சொக்ஸ் சிவந்துகொண்டே இருந்தது. அட்டைக்கு உப்பு என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஆனையிறவு உப்பளத்தைத் தாண்டி வந்த பத்தொன்பது பேரில் ஒருவரிடமும் ஒரு சிட்டிகை உப்பு இல்லை. இந்தக் குறை முழுக்கச் செயலாளருடையது.

காட்டுக்குள் குளமும் இருந்தது. கண்டி அரச குடும்பம் குளித்த குளம். கரையெல்லாம் மரம் குனிந்து, தண்ணீர் பச்சையாய், அசையாமல் கிடந்தது. அடியில் பொற்காசுப் புதையலும் அதைக் காக்கும் சிவந்த கண் பாம்பும் இருப்பதாகக் கதை. இப்போது அதில் யாரும் குளிப்பதில்லை. துவாயைத் தோளில் போட்டுக்கொண்டே வந்த மூத்தவர், "கடைசி நாலு ராசாவும் நாயக்கர். எங்கடை பாசை கதைச்ச ஆக்கள். அந்த உரிமையிலை ஒரு முழுக்குப் போட ஏலாதோ?" என்று கேட்டார். வரலாற்றில் அவர் சொன்னது சரி. ஆனாலும் துவாய்கள் எல்லாம் காய்ந்தபடியே யாழ்ப்பாணம் திரும்பின.

ஆவணியில் நல்லூர்த் திருவிழா. இருபத்தைந்து நாளும் எல்லாரும் அங்கே மணலில் நடந்ததையே நடையாகக் கணக்கெடுத்துக்கொண்டோம். புரட்டாதியில் குறித்த நாள் சனாதிபதித் தேர்தல் நாளாகப் போய்விட்டது. ஐப்பசி முதல் வாரம் விடியக் கீரிமலை. ஒரு பக்கம் கடல் அலை அடிக்க, சுவருக்கு இந்தப் பக்கம் நிலத்துக்குள்ளிருந்து ஊறி வரும் தண்ணீரில் குளிப்பதற்கு நிகர் இல்லை. ஆண்கள் கேணியும் பெண்கள் கேணியும் வேறு வேறு என்பதால் ஆணும் பெண்ணும் ஒன்றாகக் குளிக்கும் பிரச்சினையும் இல்லை. ஆனால் நடப்பதற்குத் தார் றோட்டுத்தான், ஏழரைக்கே சூடு.

ஆக, ஐப்பசி வரை நிழல் ஓரிடம், தண்ணீர் ஓரிடம். நான் இந்த அறிக்கையில் மன்னிப்புக் கேட்கத் தயாராக இருந்த நேரத்தில்தான், கூட்டங்களில் வாய் திறக்காத ஓர் அம்மா, "எங்கடை கோயில் கேணியை ஒருக்கா வந்து பாருங்கோவன்" என்றார்.

ஊர்ப் பெயரைக் கோயிலாரின் சம்மதம் முழுதாகக் கிடைக்கும் வரை எழுதவில்லை. கோயில் வாசலில் கேணி, கேணிக் கரையில் இரண்டு பெரிய மருதமரம், பக்கத்தில் இடிந்த மடம், மாடு உரஞ்சுவதற்கு ஓர் ஆவுரஞ்சிக்கல், தலைச்சுமை இறக்கி வைக்க ஒரு சுமைதாங்கி. கால்நடையாகச் சந்தைக்குப் போனவர்களுக்காக அந்தக் காலத்து ஆட்கள் நிழலையும் தண்ணீரையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். நாங்கள் பத்து மாதமாக இயற்கையில் தேடினோம். கேணிக் கரையிலிருந்து ஒரு ஒழுங்கை புறப்படுகிறது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, வேலிக்கு மேலால் பூவரசும் வேம்பும் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. சிறு பனங்கூடல், ஒரு புகையிலைத் தோட்டவெளி, பிறகு பின் ஒழுங்கையால் திரும்பவும் கேணி. ஆறுதலாக நடந்தால் ஐம்பது நிமிடம். தோட்டவெளியில் மட்டும் ஒரு முந்நூறு யார் வெயில். கார்த்திகை மழைக்கு முதல் அந்த ஓரத்தில் புங்கும் மருதுமாக நாற்பது கன்று நட்டோம். பதினேழு நிற்கிறது. மிச்சத்தை ஆடு தின்றது. ஆட்டுக்காரர் எங்கள் உறுப்பினர் என்பதையும் பதிவு செய்கிறேன்.

குளிக்கும் விடயம் இன்னும் முடியவில்லை. கார்த்திகைக் கடைசி வெள்ளத்தில் உயர்தரப் பரீட்சையே ஒத்திவைக்கப்பட்டது உங்களுக்குத் தெரியும். ஒழுங்கைத் தண்ணீர் முழுக்கக் கேணிக்குள் இறங்கியது. அடுத்து மார்கழியில் எலிக்காய்ச்சல் வந்து குடாநாட்டில் உயிர்களையும் பறித்தது. தேங்கிய வெள்ளத்தில் எலியின் சிறுநீர் கலந்து, காலில் உள்ள சின்னக் கீறல் வழியாகவே அது உள்ளே போய்விடும். எனவே மார்கழிக் குளிப்பை நிறுத்தியது என் முடிவு. அதற்காக என்னோடு மூன்று வாரம் கதைக்காமல் இருந்தவர்கள் இன்று முன்வரிசையில் இருப்பது மகிழ்ச்சி.

கோயிலாருடன் பேசி இதுவரை உடன்பட்டவை: சவர்க்காரமும் ஷாம்பூவும் கேணிக்குள் வரக்கூடாது, திருவிழா நாட்களில் இறங்குவதில்லை, பெண்களுக்கு விடியற்காலை தனி நேரம். இந்தக் கடைசி விடயத்தை மகளிர் உறுப்பினர்கள் தாங்களே போய்ப் பேசி வென்றார்கள். நான் பின்னால் நின்று தேத்தண்ணி குடித்தேன். படி எட்டுக்குக் கீழே ஆழம் என்று சிவப்பு மையால் கோடு போடவும், இரண்டு ரயர் ரியூப்பும் ஒரு கயிறும் மடத்தில் தொங்கவிடவும் செயற்குழு தீர்மானித்திருக்கிறது. நீந்தத் தெரிந்த ஒருவர் கரையில் நிற்காமல் யாரும் இறங்கக்கூடாது.

குப்பை பற்றியும் ஒரு வரி. மணற்காட்டில் எங்கள் மதியச் சாப்பாட்டுப் பொலித்தீன்கள் இரண்டைப் பின்னால் வந்தவர்கள் பொறுக்கிக் கொண்டுவந்து தந்தார்கள். யாருடையவை என்று எனக்குத் தெரியும். இனி வரும் நடைகளில் சாப்பாடு வாழையிலையில்.

கேணியை மாசி முதல் ஞாயிறு இறைப்பதாக இருக்கிறோம். இப்போது இறைத்தால் ஊற்று சில நாளில் திரும்ப நிரப்பிவிடும். வைகாசிக்குப் பிறகு கை வைத்தால் அடுத்த மாரி வரை சேறுதான். இறைக்கும் இயந்திரம் ஆட்டுக்காரர் தருகிறார். சேறு அள்ள மண்வெட்டியும் கடகமும் வேண்டும். கையில் காலில் காயம் உள்ளவர்கள் கரையில் நின்றால் போதும், மற்றவர்கள் பூட்ஸ் போட்டுக்கொண்டு வரவும். காலை ஐந்தரைக்கு மருதடியில்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்,
யாழ்ப்பாணம், தை 2025